ஜெம்5-ஆ, சொந்தச் சிமுலேட்டரா?

புதிய கேஷ் முறை (கேஷ் என்பது செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலுள்ள சின்ன வேக நினைவகம்) ஒன்றை யோசித்து வைத்திருக்கிற இறுதியாண்டு மாணவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்தாலும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். செயலியின் வேலையை மென்பொருளில் போலச் செய்துகாட்டும் சிமுலேட்டர்களில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றில் அதை ஒட்டிப் பார்ப்பதா, சொந்தமாக ஒன்றை எழுதி எல்லோருக்கும் திறந்துவிடுவதா? கையில் இருப்பது 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி என்று வைத்துக்கொள்வோம். (பைப்லைன், அதாவது செயலிக்குள் கட்டளைகள் படிப்படியாக நகர்வதை வகுப்பில் காட்ட மட்டும்தான் வேண்டுமென்றால் ரைப்ஸ் என்ற சிமுலேட்டர் போதும், மேலே வாசிக்கத் தேவையில்லை.)

செயலிச் சிமுலேட்டர்களில் ஜெம்5தான் பெரிய ஆள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5, விஸ்கான்சினின் ஜெம்ஸ் இரண்டும் சேர்ந்து உருவானது. அதைப் பற்றிய கட்டுரை 2011இல் வந்தது. எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ஆகிய செயலி வகைகள் எல்லாம் ஓடும், லினக்ஸையே முழுதாகத் துவக்கலாம். ஜெம்5இல் ஓட்டினோம் என்று கட்டுரையில் எழுதினால், அது என்ன சிமுலேட்டர் என்று மதிப்பீட்டாளர் கேட்கமாட்டார். அது சின்ன நன்மை இல்லை.

வேகம்தான் பிரச்சினை. கட்டளைகளை வரிசை மாற்றி இயக்கும் விரிவான மாதிரி, விநாடிக்கு 1 இலட்சம் கட்டளை என்ற கணக்கில்தான் நகரும். 100 கோடி கட்டளை உள்ள நிரலுக்கு 10,000 விநாடி, அதாவது இரண்டே முக்கால் மணித்தியாலம். பத்து நிரல்களை ஐந்து கேஷ் அளவுகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்க வெளிக்கிட்டால் ஆறு நாளுக்குக் கிட்ட மடிக்கணினியை நிறுத்த முடியாது. கரண்ட் போனால் தொடர, ஓட்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் செக்பொயின்ட் வசதி உண்டு. ஆனால் அதன் சாதாரண கேஷ் மாதிரியில் மீண்டும் தொடங்கும்போது கேஷ் வெறுமையாகத்தான் இருக்கும், நீங்கள் அளக்க வந்ததோ அந்தக் கேஷைத்தான். மூல நிரலைத் தொகுப்பதே ஒரு பாடு. எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் 8 ஜிபி திணறும், இரண்டோடு நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஃபாப்ரிஸ் பெலார்ட் தொடங்கிய க்யூஎமு, வேறு வகைச் செயலிக்கான நிரலையும் உங்கள் கணினியில் ஓட்டும் மென்பொருள், மிகக் கெதி. ஆனால் அதற்கு நேரக் கணக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லும், வவுனியாவில் எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்லாது. அதனால் தனியாக அது விடை ஆகாது. 2019இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து செருகுநிரல் வசதி இருக்கிறது, ஓடுகிற கட்டளைகளையும் நினைவக முகவரிகளையும் அதன்வழி எடுக்கலாம். மூன்றாவது வழிக்கு அது உதவும்.

அந்த மூன்றாவது வழி, சுவடு (நிரல் ஓடியபோது நடந்த கட்டளைகளின், முகவரிகளின் பதிவு) வாசிக்கும் சின்னச் சிமுலேட்டரைச் சொந்தமாக எழுதுவது. நிரலை ஒருமுறை ஓட்டிச் சுவட்டைக் கோப்பில் எடுத்துவிட்டு, பிறகு அதை வாசித்துக் கேஷை மட்டும் கணக்கிடலாம். சாம்ப்சிம் என்ற சிமுலேட்டரும் சுவடு வாசிக்கும் வகைதான், கேஷ் ஆய்வுப் போட்டிகளையே அதை வைத்து நடத்தினார்கள். குறைகளும் உண்டு. நிரல் எந்தக் கிளையில் போகும் என்று செயலி பிழையாக ஊகித்துப் போன பாதை சுவட்டில் இருக்காது. பல கோர்கள் (செயலிக்குள் உள்ள தனித்தனி இயக்க அலகுகள்) ஒன்றையொன்று காத்திருப்பதும் சரியாக வராது. உங்கள் தலைப்பு பலகோர் ஒத்திசைவு என்றால், சரி, முனகாமல் ஜெம்5க்கே போங்கள். கேஷோ கிளை ஊகிப்போ என்றால் நான் சொந்தச் சிமுலேட்டரைத்தான் எடுப்பேன். ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று வாய்மொழித் தேர்வில் விளக்க முடியும்.

திறந்து வெளியிடும்போதுதான் உரிமச் சிக்கல்கள் தலைகாட்டும். தொண்ணூறுகளில் வந்த சிம்பிள்ஸ்கேலர் என்ற சிமுலேட்டர் கல்விப் பாவனைக்கு இலவசம், வணிகத்துக்கு இல்லை. ஜெம்5 பிஎஸ்டி வகை உரிமத்தில் வந்தது. ஆர்ம், ஏஎம்டி நிறுவனங்களே அதற்கு நிரல் கொடுத்திருக்கின்றன. நான் நிபந்தனை குறைந்த பிஎஸ்டி அல்லது எம்ஐடி உரிமத்தின் பக்கம்தான். க்யூஎமு ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் அதன் நிரலை உங்களுடையதற்குள் கலந்து வெளியிட்டால் உங்களுடையதும் ஜிபிஎல் ஆக வேண்டும். சுவட்டைக் கோப்பாக மட்டும் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. சுவடு எடுக்க உதவும் இன்டெலின் ‘பின்’ (Pin) கருவி இலவசம்தான், மூல நிரல் திறக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக டைனமோரியோ என்ற திறந்த மூலக் கருவி இருக்கிறது. வேகம் அளக்கும் ஸ்பெக் சோதனை நிரல்கள் காசுக்கு வாங்குபவை, அவற்றைக் களஞ்சியத்தில் போட்டுவிடாதீர்கள். கோர்மார்க், எம்பெஞ்ச் என்ற இலவசச் சோதனை நிரல்கள் போதும்.

சுவடுகள் பெரிதாகும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஆய்வுத் தரவுக் களஞ்சியமான செனோடோ ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை தருகிறது, மேற்கோள் காட்ட நிரந்தர எண்ணும் கிடைக்கும்.

சரிபார்ப்பில்தான் ஜெம்5 உங்களை விட முன்னால் நிற்கும். அதைப் பல வருடமாகப் பலர் நோண்டிவிட்டார்கள். உங்களுடையதைக் கையால் எண்ணக்கூடிய சோதனைகளோடு வெளியிடுங்கள். 4 பைட் எண்கள் 1024ஐ வரிசையாக வாசித்தால், 64 பைட் வரிகள் (ஒரே தடவையில் எடுத்துவரும் துண்டுகள்) கொண்ட, வெறுமையாக இருக்கும் கேஷில், தரவு வரியின் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்து முன்கூட்டியே எடுத்துவரும் வசதியும் இல்லாவிட்டால், சரியாக 64 தவறல்கள் (தேடியது கேஷில் இல்லாத தடவைகள்) வர வேண்டும். இப்படிப் பத்துச் சோதனையாவது இல்லாத சிமுலேட்டரை நான் பதிவிறக்கவே மாட்டேன்.