ஆக்சிஜன் சென்சார் சோதனை: ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

பழைய வண்டி சூட்டில் ஸ்டார்ட் ஆகும்போது குலுங்கினால் பலரும் உடனே சந்தேகிப்பது எக்ஸாஸ்ட் வாயுவில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைத்தான். பாவம், ஸ்டார்ட் ஆன முதல் நொடிகளில் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதைக் கேட்பதே இல்லை. குலுங்கல் அப்போது மட்டும் என்றால் ஒழுகும் இன்ஜெக்டர், இறங்கிப்போன பெட்ரோல் அழுத்தம், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஆக்சிஜன் சென்சாரையே சோதிப்பதென்றால் ஸ்கேனர், மல்டிமீட்டர் இரண்டையும் இப்படி ஒப்பிடலாம்.

பொருத்தம்
ஸ்கேனர்: வண்டியில் ஓபிடி சாக்கெட் (ஸ்கேனரைச் செருகும் இடம்) வேண்டும்.
மீட்டர்: ஓபிடி சாக்கெட் இல்லாத வண்டிக்கும் சரி. 10 மெகாஓம் உள்தடை உள்ள டிஜிட்டல் மீட்டராக இருக்கட்டும்.

சிக்னல்
மீட்டர்: சூடான எஞ்சின், 2,000 ஆர்பிஎம். சிர்கோனியா (வழக்கமான வகை) சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். 0.45 அருகிலேயே நின்றால் சென்சார் சூடாகவில்லை அல்லது வயர் அறுந்திருக்கலாம். எப்போதும் 0.2-க்குக் கீழே என்றால் சென்சாரை மாற்றும் முன் எக்ஸாஸ்ட் கசிவைத் தேடுங்கள். வெளிக்காற்று புகுந்தாலும் இதே அளவுதான் வரும்.
ஸ்கேனர்: பழைய வண்டிகளில் தரவு மெதுவாக வரும், வேகமான ஏற்ற இறக்கம் தெரியாது.

ஹீட்டர்
சென்சாரைச் சூடாக்கும் பகுதி இது. மீட்டர்: கனெக்டரைக் கழற்றி ஹீட்டர் வயர்களுக்கிடையே ஓம் அளந்தால் சில ஓம் காட்டும். அளவே வராமல் OL (இணைப்பு அறுந்தது) என்று காட்டினால் ஹீட்டர் போயிற்று.

ஃபியூயல் ட்ரிம், கூலன்ட் வெப்பநிலை
ஃபியூயல் ட்ரிம் என்பது ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு. இரண்டும் ஸ்கேனரில் ஒரே பார்வையில் தெரியும்.

சென்சாரையே சோதிக்க மீட்டர் போதும். காரணம் புரியாத குலுங்கலுக்கு ஸ்கேனரிலிருந்து தொடங்குங்கள்.