தண்டையார்பேட்டை மாடியில் எபோலா வகுப்பு: 50 ரூபாய்க்குத் தகுமா?

தண்டையார்பேட்டையில் ஒரு தையற்கடையின் மாடியில் இயங்கும் வாசகசாலை, மாதம் ஒரு ஞாயிறன்று 50 ரூபாய்க் கட்டணத்தில் வகுப்பு நடத்துகிறது. இம்முறை பொருள், 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளை உலுக்கி 11,300-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட எபோலா. வகுப்பெடுத்த ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், கிருமியைப் பற்றி ஐந்தே நிமிடம் பேசிவிட்டு, மீதி நேரத்தை அந்நோய் வீட்டிலும் தெருவிலும் செய்தவற்றுக்கே ஒதுக்கினார்.

லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் பற்றிய பகுதிக்கே கொடுத்த காசு தகும். மீனவக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் அந்தக் கடலோரக் குடிசைப் பகுதியை 2014 ஆகஸ்டில் அரசு படையைக் கொண்டு அடைத்ததையும், உணவுப்பொருள் விலை ஏறியதையும், துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்ததையும், பத்தே நாளில் அடைப்பு விலக்கப்பட்டதையும் அவர் நிதானமாக விவரித்தபோது, 2020-இல் ராயபுரம் மண்டலத்துத் தெருமுனைகளில் தகரம் அடித்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. "எங்க தெருவுல பால்காரரையே உள்ள விடல, சார்" என்றார் பின்வரிசைக் காசிமேட்டுக்காரர்.

இறந்தவரைக் குளிப்பாட்டி வழியனுப்பும் வழக்கம் நோயைப் பரப்பியதால் உடல்கள் உறவினரிடமிருந்து பிரிக்கப்பட்டன, மன்ரோவியாவில் எரிக்கவும்பட்டன. எரிப்பதையே வழக்கமாகக் கொண்டவர்களுக்கு இதன் கனம் உடனே புரியாது. நவம்பரில் காசிமேடு கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவோரைக் கேட்டால் புரியும்.

500-க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் மாண்டதையும், மலேரியாவுக்கும் பிரசவத்துக்கும்கூட மருத்துவமனைக்குச் செல்ல மக்கள் அஞ்சியதையும் தெளிவாகவே விளக்கினார். ஆனால், சியரா லியோனில் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த பள்ளிகள் 2015 ஏப்ரலில் திறந்தபோது கருவுற்றிருந்த சிறுமிகளுக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டதையும், அந்தத் தடை 2020 மார்ச் வரை நீடித்ததையும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். அரை மணி நேரம் பேசவேண்டிய செய்தி அது. பொருளாதாரப் பகுதியும் சோர்வையே தந்தது: பில்லியன் டாலர் இழப்பைத் திரையில் காட்டியவர், சந்தைகள் மூடப்பட்டபோது கூடைக்காரப் பெண்களின் கைமுதல் கரைந்ததைச் சொல்லவேயில்லை.

குறிப்புத்தாள் முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது; என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா அதை விசிறியாகப் பயன்படுத்தினார். தேநீரும் சுண்டலும் கட்டணத்தில் அடக்கம். மின்விசிறி ஒன்றுதான் என்பதால், ஐந்து மணி வகுப்புக்கு நாலே முக்காலுக்கே சென்றுவிடுவது நல்லது.