கார்ட்டூன் தயாராவதைக் காட்டும் மூன்று பழைய படங்கள்: எது உண்மை பேசுகிறது?

கார்ட்டூன் எப்படித் தயாராகிறது என்பதையே கதையாக்கிய பழைய அமெரிக்கப் படங்கள் சில உண்டு. அவற்றில் மூன்றை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்: ஒன்று நேரடிப் பாடம்; மற்ற இரண்டும் புளுகுகின்றன, ஆனால் வெவ்வேறு இடத்தில்.

முதலில் கார்ட்டூன் ஓவியர் வின்சர் மெக்கேயின் 'லிட்டில் நீமோ' (1911). ஒரே மாதத்தில் 4000 படம் வரைந்து அசைய வைக்கிறேன் என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டுகிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். அப்புறம் பீப்பாய் பீப்பாயாக மை வந்து இறங்குகிறது, கட்டுக் கட்டாகக் காகிதம். இதெல்லாம் சும்மா நாடகம். ஆனால் கைப்பிடியைச் சுற்றினால் படங்கள் புரளும் கருவியில் அசைவைச் சரிபார்க்கிறாரே, அது நிஜமான வேலைமுறை. "நான் அசைவதைப் பார்" என்ற வாசகத்தோடு பிளிப் என்ற பாத்திரம் அசையத் தொடங்கும் இடம் இன்றும் சிலிர்க்க வைக்கிறது. கவனித்தால், பின்னணி என்று ஒன்றுமே இல்லை. அசையும் உருவத்தை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் வரைந்து ஒரே பின்னணிமேல் வைக்கும் முறைக்கு எர்ல் ஹர்ட் காப்புரிமை கேட்டதே 1914இல்தான். அதுவரை மலையும் மரமும் வேண்டுமென்றால் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். மெக்கேயின் அடுத்த பெரிய படமான 'கெர்ட்டி'யில் அந்தச் சலிப்பான வேலையைச் செய்தவர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளம் உதவியாளர். திரையில் பெருமை முழுக்க மெக்கேக்குத்தான்.

பிரே ஸ்டூடியோவுக்காக வாலஸ் கார்ல்சன் 1919இல் செய்த படம் நேரடிப் பாடம். வேலைமுறையைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவானது இந்த மூன்றில் இல்லை. இரண்டாம் முறை பார்க்கத்தான் மனம் வரவில்லை.

வான் பியூரன் ஸ்டூடியோவின் 'மேக்கிங் எம் மூவ்' (1931) நேரெதிர். இதில் ஸ்டூடியோ நடத்துவதே விலங்குகள்தான். இதைப் பார்த்துத் தொழில் கற்க நினைத்தால் கதை கந்தல். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. வரிசையாக உட்கார்ந்து அவை படம் போடுவதைப் பாருங்கள். அன்றைய நியூயார்க் ஸ்டூடியோக்கள் அப்படித்தான் இருந்தன: முக்கிய அசைவுகளை ஒருவர் வரைவார், இடைப்பட்ட படங்களை இன்னொருவர், மை இட வேறு ஆள், சாயம் பூச வேறு ஆள். ஒற்றை ஓவியரின் சாகசமாக மெக்கே காட்டிய வேலை, இந்தக் கேலிப் படத்தில்தான் கூட்டு உழைப்பாகத் தெரிகிறது.