மீன், யானை, காளி, டிப் டிப்: பிள்ளைகளுக்கு எந்தப் படப்புத்தகம்?

அக்கா பையனுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. 'ரெயின்போ ஃபிஷ்' வாங்கிக்கொண்டு போனேன். செதில்கள் ஜிகினா ஒட்டினதுபோல மின்னும், குழந்தை ஒருமுறை கைவைத்தால் எடுக்காது, பரிசு கொடுக்க அதைவிடச் சுலபமான புத்தகம் கிடையாது. படித்து முடித்து மூடப் போனபோது பையன் கடைசிப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டான். "செதில் குடுக்கலேன்னா அவங்க இவன சேத்துக்கவே மாட்டாங்களா சித்தி?"

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. கதை அப்படித்தான் போகிறது. கடலிலேயே அழகான மீன். சின்ன நீல மீன் ஒன்று ஒரு செதில் கேட்கிறது, தரமாட்டேன் என்று விரட்டிவிடுகிறது, அதிலிருந்து மற்ற மீன்கள் அதோடு காய் விட்டுவிடுகின்றன. ஆக்டோபஸ் பாட்டியிடம் யோசனை கேட்டால், செதிலையெல்லாம் கொடுத்துவிடு என்கிறது. ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒன்றே ஒன்று மிஞ்சும்போது எல்லோரும் பழம் விடுகிறார்கள். மார்கஸ் ஃபிஸ்டர் 1992-இல் எழுதி வரைந்தது, உலகம் முழுக்கப் பிள்ளைகள் கையில் இருக்கிற புத்தகம். மூன்று வயதுக் குழந்தைக்குப் பகிர்ந்துகொள்வதைச் சொல்லித்தர உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிட்டுக் கொடுக்க அது முறுக்கு இல்லை, அந்த மீனின் உடம்பு. வகுப்பில் "ஸ்டிக்கர் தந்தாதான் உன்கூட சேருவேன்" என்று ஒரு குழந்தை இன்னொன்றிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்கள்தானே, அந்தப் பேரத்துக்கு இந்தக் கதை சரி என்று தலையாட்டுவதுபோல எனக்குப் படுகிறது.

அன்றிலிருந்து இந்த வகைப் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் ஒரே கேள்விதான் கேட்டுப் பார்க்கிறேன். கடைசியில் மாறுவது யார்? தனித்து நிற்கிற பிள்ளையா, அதைச் சுற்றி நிற்கிறவர்களா? 'வேறுபாடுகளை ஏற்றுக்கொள்வோம்' என்று அட்டையில் போட்டிருக்கும் புத்தகங்களில்கூட, இந்தக் கேள்வியை வைத்தால் நிறைய நிற்பதில்லை.

நாமெல்லாம் கேட்டு வளர்ந்த அழகில்லாத வாத்துக்குஞ்சு கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டர்சன் 1843-இல் எழுதியது. குஞ்சு அன்னப்பறவையாக வளர்கிறது, அழகாகிறது, அன்னங்கள் சேர்த்துக்கொள்கின்றன. கொத்தி விரட்டிய வாத்துகளும் கோழிகளும் கடைசிவரை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அது உண்மையிலேயே வாத்தாக, அழகில்லாத வாத்தாகவே இருந்திருந்தால்? "கருப்பா இருந்தா என்ன, வளந்தா கலர் வந்துடும்" என்று நம் வீடுகளில் பெண் குழந்தைகளைத் தேற்றுவார்களே, அதே ஆறுதல்தான் இதுவும். வேண்டாம்.

இதற்கு நேர் எதிரில் யானை எல்மர். டேவிட் மெக்கீயின் புத்தகம், இன்று பரவலாகக் கிடைப்பது 1989-இல் வந்த பதிப்பு. கூட்டத்தில் எல்லா யானையும் யானை நிறம், எல்மர் மட்டும் ஒட்டுத்துணிப் போர்வை மாதிரி கட்டம் கட்டமாகப் பல நிறம். ஒருநாள் விடியற்காலையில் மற்ற யானைகள் தூங்கும்போது நழுவிப் போய், ஒரு புதரை உலுக்கி, உதிர்ந்த பழங்களில் உருண்டு புரண்டு சாம்பல் நிறமாகித் திரும்பி வருகிறது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லா யானையும் வாய் திறக்காமல் நிற்கிறதைப் பார்த்து எல்மருக்கே சிரிப்பு தாங்காமல் 'பூ!' என்று கத்த, அப்புறம் மழை வந்து சாயம் கரைகிறது. வருடம் ஒருநாள் மற்ற யானைகளெல்லாம் தங்கள்மேல் வண்ணம் பூசிக்கொள்வது என்று முடிவாகிறது, அன்றைக்கு எல்மர் மட்டும் சாம்பல். இங்கே கூட்டம்தான் எல்மர் பக்கம் நகர்ந்து வருகிறது. அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

இதை நான் படித்தது எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில். மேடவாக்கத்தில் இருக்கிறோம், சனிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பாய் விரித்தால் எட்டொன்பது பிள்ளைகள் வந்துவிடும். வாட்ச்மேன் அண்ணன் ஒடிசாக்காரர். அவருடைய பெண், எட்டு வயது, அவளும் வருவாள், ஆனால் பாயில் உட்காரமாட்டாள். தண்ணீர்த்தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, பாயின் ஓரத்துக்கு ஒரு கை தூரத்தில் இருப்பாள். அவளை யாரும் வராதே என்று சொன்னதில்லை, வா என்று சொன்னதும் இல்லை, நான் உட்பட, ரொம்ப நாள் அப்படியே விட்டுவிட்டோம். எல்மர் முடிந்ததும் அவள்தான் முதலில் கேட்டாள். "அந்த யானைய யாருமே கிண்டல் பண்ணலியே அக்கா, அப்புறம் ஏன் சாயம் பூசிக்குச்சு?"

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். மற்ற யானைகள் எல்மரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எதற்கோ சிரிக்கிறார்கள், தன்னைப் பார்த்துத்தான் என்று எல்மரே நினைத்துக்கொள்கிறது. அந்தச் சமயம் பார்த்துக் கீழே கேட்டிலிருந்து அவள் அம்மா ஒடியாவில் கூப்பிட்டார், இவள் "வர்றேம்மா" என்று சுத்தமான தமிழில் பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். யோசித்துப் பார்த்தால் எங்கள் பிள்ளைகள் முன்னால் அவள் ஒடியாவில் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எல்மரில் ஒரு குறையும் உண்டு. யானைக் கதை என்பதால் பெரியவர்களுக்கு வசதி. கூட்டத்தில் யார் எல்மர், நம் தெருவில் யார், வகுப்பில் கடைசி பெஞ்சில் யார் என்று பேசாமலே புத்தகத்தை மூடிவிடலாம். விலங்குக் கதைகள் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல எளிது, ஆனால் யாரையும் உறுத்தாது.

அங்கேதான் சென்னையில் வந்த புத்தகங்கள் வேறு மாதிரி. துலிகா 1996-இல் இங்கே தொடங்கின பதிப்பகம், ஆங்கிலமும் தமிழும் சேர்த்து ஒன்பது மொழிகளில் படப்புத்தகம் போடுகிறார்கள். அவர்களுடைய 'காளி அண்ட் தி ராட் ஸ்னேக்' ஜாய் விட்டேக்கர் எழுதியது. காளி இருளர் பையன், அப்பா பாம்பு பிடிப்பவர், பள்ளியில் காளிக்கு ஒட்டவில்லை. ஒருநாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு வந்துவிட, எல்லோரும் அலற, காளி போய்ப் பிடிக்கிறான். இதில் மீன் இல்லை, யானை இல்லை, சமூகத்தின் பெயரே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் போனால் வடநெம்மேலி. முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-இல் தொடங்கியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோன பிறகு, அவர்கள் கைவசம் இருந்த அதே திறமைக்கு வேறு வழி செய்துகொடுத்த இடம் அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் வாய்க்குத் துணி கட்டின மண்பானைகளில் வைத்திருப்பார்கள், விஷத்தை எடுத்துவிட்டுப் பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். கடிபட்டவர்களுக்குப் போடும் முறிவு மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. 2023-இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கதையைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனால் காளியின் அப்பா செய்கிற வேலை என்ன என்று புரிந்துவிடும். எல்மரை எங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது?

ஆனாலும் என் கேள்வியைக் காளியிடமும் கேட்கத்தான் வேண்டும். பாம்பு வராமல் இருந்திருந்தால்? காளி கைதட்டல் வாங்குவது ஒரு காரியம் செய்து காட்டிய பிறகுதான். மீனோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இருக்கிறது, மீன் தன்னுடையதைப் பிய்த்துக் கொடுக்கிறது, காளி எதை நினைத்துக் கூசினானோ அதை வைத்தே நிமிர்கிறான், பக்கத்தில் இருப்பவர்களின் பார்வையும் மாறுகிறது. இருந்தாலும் வகுப்பில் ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கவும் உரிமை உள்ளவள்தானே, சாகசம் எதற்கு? வாசித்து முடித்ததும் இதைப் பிள்ளைகளிடமே கேட்டுவிடுங்கள். எங்கள் மாடியில் இது அரைமணி நேரப் பஞ்சாயத்தாக ஓடியது.

இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நல்ல பதில் 'கேட்ச் தட் கேட்!', அதுவும் துலிகா, 2013. தாரிணி விஸ்வநாத் எழுதி நான்சி ராஜ் வரைந்தது. டிப் டிப் வால் முளைக்காத குறை, அவ்வளவு சேட்டை, காணாமல் போன காப்பி என்ற பூனையைத் தேடிப் போகிறாள், பூனை மரத்தின்மேல், இவளும் ஏறுகிறாள். அவள் சக்கர நாற்காலியில் போகிறவள். அதற்காக யாரும் உச்சுக்கொட்டுவதில்லை, அவளைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்ற பேச்சே கதையில் எழுவதில்லை, அவள் ஏற்கனவே உள்ளே இருக்கிறாள். நாமோ விளையாட்டில் பெயருக்குச் சேர்த்துக்கொள்ளும் குழந்தையை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று டிப் டிப்பைப் படித்தபிறகுதான் எனக்கே உறைத்தது. பாயில் இருந்த பிள்ளைகள் யாரும் நாற்காலியைப் பற்றிக் கேட்கவில்லை. பூனைக்கு ஏன் காப்பி என்று பேர், அது காப்பி குடிக்குமா, அதுதான் அவர்கள் கவலை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிப் டிப்பை வாங்குங்கள். இரண்டு முடிந்தால் காளி, ஆறேழு வயதுக்குமேல். நான்கு வயதுக்கு உட்பட்டதென்றால் எல்மர், வருடத்தில் ஒருநாள் எல்லோரும் கன்னத்தில் வண்ணம் பூசி விளையாடவும் ஆகும். மீன் யாராவது பரிசாகக் கொடுத்தால் வீட்டில் இருக்கட்டும், கூடவே உட்கார்ந்து படியுங்கள். காசு செலவழிக்குமுன் பார்க்கவேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. சாதியை நேருக்கு நேர் பேசுகிற தமிழ்ப் படப்புத்தகம் மட்டும் என் தேடலில் ரொம்பக் குறைவாகவே கிடைக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் கையில் கயிற்றின் நிறம் பார்க்கிற ஊரில் அது பெரிய குறை.

அப்புறம் இலவசமாக ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இணையதளம், கைப்பேசியிலேயே படிக்கலாம், மொழிகள் ஏராளம். திரையில் படிப்பது பாயில் உட்கார்ந்து பக்கம் புரட்டுவதற்கு ஈடாகாது என்று நானும் ஒதுக்கிவைத்திருந்தேன். போன சனிக்கிழமை அதில் ஒடியா மொழிக் கதை ஒன்றைத் திறந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படிக்கிறவள், பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு கீழே ஓடி அம்மாவைக் கூட்டிவந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். பிள்ளைகள் பாயை விட்டுவிட்டுப் படிக்கட்டில் நெருக்கியடித்து நின்றார்கள். "எழுத்தெல்லாம் ஜாங்கிரி மாதிரி இருக்கு" என்றான் அக்கா பையன். அம்மா ஒரு வரி படிக்க, அவள் அதைத் தமிழில் சொல்ல, நடுவில் ஏதோ ஒரு சொல்லுக்குத் தமிழ் வராமல் அம்மாவிடம் ஒடியாவில் கேட்டாள், சத்தமாகவே.