நாய்க்குப் பல் சுத்தமும் ஸ்பாவும்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

நாய் க்ரூமிங் நிலையங்களின் சேவைப் பட்டியலில் 'பல் சுத்தம்' என்ற வரி இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. மயக்க ஊசி கிடையாது, அரை மணியில் முடியும், பல் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். மூன்றுமே உண்மைதான். ஆனாலும் அந்த வரிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. பெரும்பாலான பற்களில் வேர்ப்பகுதிதான் அதிகம். அது ஈறுக்குள் புதைந்து கிடக்கிறது. பல்லைத் துடைத்த சில மணி நேரத்திலேயே அதன்மேல் வழவழப்பான கிருமிப் படலம் படியத் தொடங்கிவிடும். அப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் எச்சிலில் உள்ள தாதுக்கள் அதில் இறங்கிக் கல்போல் இறுகும். அதுதான் காரை. நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் சொத்தைப் பல் அரிது, காரையோ வேகமாகக் கட்டும். உதட்டைத் தூக்கி மேல் தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். உமிழ்நீர்க் குழாய் அதன் அருகில் திறப்பதால் காரை அங்கேதான் முதலில் தடிக்கும்.

பல் ஆடி விழுவதற்குக் காரணம் நம் கண்ணுக்குத் தெரியும் அந்த மஞ்சள் காரை அல்ல. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இறங்கிய கிருமிகளால் அழற்சி உண்டாகி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைவதுதான் காரணம். விழித்திருக்கும் நாயின் ஈறுக்கு அடியில் கருவியை விட முடியாது. வலியில் தலையைச் சிலுப்பும், கருவி சதையைக் கிழிக்கும். ஆகவே க்ரூமிங் மேசையில் பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும் சுரண்டுகிறார்கள். நாக்குப் பக்கம் பெரும்பாலும் தொடப்படுவதே இல்லை. சுரண்டிய இடத்தில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன, பாலிஷ் சரியாகச் செய்யாவிட்டால் அடுத்த படலம் அதில் இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். இதைவிட மோசம், பல் வெள்ளையாகத் தெரிவதால் உரிமையாளர் நிம்மதியாக இருந்துவிடுவதுதான். அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு மயக்கமில்லாத இந்தச் சுரண்டலை வெளிப்படையாகவே எதிர்க்கிறது.

மருத்துவமனையில் மயக்கம் கொடுத்துச் செய்வது வேறு வேலை, பணம் கொடுக்கத் தகுந்த வேலை. முதலில் ரத்தப் பரிசோதனை, குறிப்பாகச் சிறுநீரகமும் கல்லீரலும். நரம்பில் ஊசிக்குழாய் போட்டு, மயங்கியதும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்து அதன் பலூனை ஊதிவிடுவார்கள். இது அலங்காரமல்ல, காரையைச் சுரண்டும் ஸ்கேலர் கருவியிலிருந்து தெறிக்கும் தண்ணீரும் காரைத் துகளும் நுரையீரலுக்குள் போகாமல் காப்பது இதுதான். பிறகு அல்ட்ராசோனிக் ஸ்கேலர். ஒரே பல்லில் 10 முதல் 15 வினாடிக்கு மேல் வைத்தால் சூடேறி உள்ளே இருக்கும் பல்கூழ் கெடும் என்பதால் பல் பல்லாக மாறி மாறிப் போக வேண்டும். ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்து, அளவுக் குச்சியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றிப் பள்ளத்தின் ஆழம் பார்க்கிறார்கள். நாய்க்கு 3 மில்லிமீட்டர் வரை சரி, அதைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால்தான் வேரடிச் சீழும் எலும்புத் தேய்வும் தெரியும். கடைசியில் பாலிஷ், அலசல்.

சேர்க்கும்முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மூச்சுக்குழாயில் குழாய் வைப்பீர்களா? எக்ஸ்ரே உண்டா? மயக்கத்தைக் கவனிக்க என்றே தனியாக ஓர் ஆள் இருப்பாரா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் வேறு இடம் பாருங்கள். உடல் சிறிய நாயென்றால் இன்னொன்றும் கேட்கலாம். வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், சூடு கொடுக்கும் விரிப்பு இருக்க வேண்டும்.

மயக்கம் என்றாலே பலருக்குப் பயம். பிரிட்டனில் நடந்து 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆரோக்கியமான நாய்களில் மயக்கம் தொடர்பான இறப்பு ஏறக்குறைய 2,000-க்கு ஒன்று. நோயுற்ற நாய்களில் 75-க்கு ஒன்று. அதனால்தான் ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்கிறோம், வாய் நாறி முற்றும்வரை காத்திருக்காதீர்கள் என்றும் சொல்கிறோம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுவழி குறுகல் என்பதால் அனுபவமுள்ள மருத்துவரே வேண்டும். யார்க்ஷயர் டெரியர், டாய் பூடில் மாதிரிச் சிறு இனங்களுக்குச் சின்னத் தாடையில் பல் நெருக்கியடித்து நிற்கும். பெரிய நாய்களுக்கு முன்பே இவற்றுக்குச் சுத்தம் தேவைப்படும்.

வீட்டில் துலக்காவிட்டால் இத்தனை செலவும் சில மாதங்களில் கரைந்துவிடும். மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் 45 பாகைச் சாய்வில் வைத்து, கன்னப் பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். உட்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். தினமும் ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். எடுத்த எடுப்பில் பிரஷ் வேண்டாம்: சில நாள் பேஸ்டை விரலில் நக்கவிட்டு, அப்புறம் விரலில் சுற்றிய துணி, அதற்கும் பழகியபின் பிரஷ். நம் பற்பசை கூடவே கூடாது. நாய் துப்பாது, விழுங்கும். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் ரத்தச் சர்க்கரை அளவு சடாரென்று இறங்கும், கல்லீரலும் கெடலாம். மெல்லும் பண்டம் வாங்கினால், படலத்தையோ காரையையோ குறைப்பவற்றுக்குக் கால்நடை வாய்நலக் கவுன்சில் தரும் வி.ஓ.எச்.சி. முத்திரை உள்ளதாகப் பாருங்கள். மான்கொம்பு, குளம்பு, வெந்த எலும்பு வேண்டாம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதுவும் அந்தப் பெரிய கடைவாய்ப் பல்லைப் பிளக்கக்கூடும். அது சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கும்.

இனி ஸ்பா. இங்கே அழகான பெயர் வைத்ததெல்லாம் பெரும்பாலும் வீண். புளூபெர்ரி ஃபேஷியல் கண்ணோரக் கறையைப் போக்காது. கண்ணீரில் உள்ள போர்ஃபிரின் என்ற நிறமி முடியில் ஏற்றிய சாயம் அது. கண்ணீர் ஏன் வழிகிறது என்று பார்க்காமல் முகம் கழுவி என்ன பயன்? நறுமண எண்ணெய்ச் சிகிச்சையில் டீ ட்ரீ எண்ணெய் இருந்தால் உடனே மறுத்துவிடுங்கள், நாய்க்கு அது நஞ்சு. மசாஜ் கெடுதல் இல்லை, வீட்டில் நீங்களே தடவிக்கொடுக்கலாம். தொந்தரவே இல்லாத நாய்க்கு ஆசனவாய்ச் சுரப்பியைப் பிதுக்கச் சொல்லவும் வேண்டாம்.

பெயரில் பகட்டில்லாத வேலைகளே காசுக்குத் தகுதியானவை. நகம் வெட்டுவது அதில் முதலிடம். கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் தெரியாது என்பதால் சிறிது சிறிதாக நறுக்கத் தெரிந்த கை வேண்டும். சடைமுடியைப் பிரிப்பது இரண்டாவது, அதுவும் குளிப்பதற்கு முன்பே. நனைந்தால் சடை இறுகும், அப்புறம் கத்திரிதான் வழி. உலர்த்தும்போது கூண்டுக்குள் சூடான காற்றை விட்டுவிட்டு ஆள் நகர்ந்து போகும் இடத்தில் சப்பை மூக்கு நாயை விடவே கூடாது. வெப்பத்தாக்கத்தில் உயிர் போகும். ஹஸ்கி, பொமரேனியன் போன்ற இரட்டை அடுக்கு ரோமத்தை வெயிலுக்கு என்று மழித்தால் மறுபடி ஒழுங்காக முளைக்காமலே போகலாம்.

தண்ணீர் கலந்த ஷாம்பூவை நாள்கணக்கில் பாட்டிலில் வைத்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அதில் சூடோமோனாஸ் கிருமி பெருகும். குளிப்பாட்டிய ஒன்றிரண்டு நாளில் முதுகைத் தொட்டாலே நாய் கத்தினால், கொப்புளமோ காய்ச்சலோ தெரிந்தால், க்ரூமரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவரிடம் கொண்டு போங்கள். எந்தத் தேதியில் குளிப்பாட்டியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.