குரோமெட்டைக் கையில் காட்டினார்கள், ஓட்டையில் போடவில்லை: 18,500 போன கதை

இன்று காலை 11 மணிக்கு என் புகாரின் மேல் ‘தீர்வு காணப்பட்டது’ என்று எழுதி மூடிவிட்டார்கள். எதைத் தீர்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கட்டிய 18,500 திரும்பி வரவில்லை. என் காரோ டேஷ்போர்டு கழற்றப்பட்ட நிலையில் வேறொருவருடைய பட்டறையில் நிற்கிறது. இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபையர், கூடுதல் விளக்கு என்று எதற்காகவாவது பேட்டரியிலிருந்து காருக்குள் தனி வயர் இழுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அந்த வேலையை முறையாக எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பி வாகன வேலைகளைச் செய்து தரும் செயலிகளில் ஒன்றில்தான் பதிவு செய்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. நிகழ்ச்சிகளைப் படம்பிடிப்பது என் தொழில் என்பதால், பயணத்தின்போதே மடிக்கணினியையும் கேமரா பேட்டரிகளையும் சார்ஜ் செய்ய 300 வாட் இன்வெர்ட்டர் ஒன்று தேவைப்பட்டது. 12 வோல்ட்டில் 300 வாட் என்றால் கணக்குப்படி 25 ஆம்பியர், மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 30 ஆம்பியரை நெருங்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் பொதுவாக 10, 15 ஆம்பியருக்கு மேல் தாங்காது. ஆகவே எஞ்சின் அறையில் உள்ள பேட்டரியிலிருந்து, இடையில் நிற்கும் ஃபயர்வால் தகட்டைத் தாண்டி, இருக்கைக்கு அடியில் நேராக வயர் வந்தாக வேண்டும். இன்வெர்ட்டர், கேபிள், ஃபியூஸ், கூலி எல்லாம் சேர்த்து 18,500 என்றார்கள். சம்மதித்தேன்.

வந்த இளைஞர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பானெட்டைத் திறந்ததும் பையிலிருந்து கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “சார், இந்த குரோமெட் இல்லாம நான் ஃபயர்வால்ல வயர் விடவே மாட்டேன். தகடு சும்மா பிளேடு மாதிரி, வயரை அறுத்துடும்,” என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அந்தத் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே இருக்கும், டிரில் போட்ட ஓட்டையின் விளிம்பு கத்தியைப்போல் நிற்கும் என்பதெல்லாம் நானும் முன்பே படித்து வைத்திருந்தவைதான். கேட்க நினைத்த கேள்விக்கு அவரே முந்திக்கொண்டு பதில் சொன்னதும், இவருக்குத் தொழில் தெரியும் என்று மனம் அடங்கிவிட்டது. வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தேன். அதன் நடுவில் ஓடிய பள்ளத்தின் வழவழப்புகூட இன்னும் விரலில் நிற்கிறது. அதைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். இந்நேரம் அது வேறொருவருடைய உள்ளங்கையில் இருந்துகொண்டிருக்கலாம்.

ஒரு தொலைபேசி அழைப்பு வர, முக்கால் மணி நேரம் வீட்டுக்குள் போய்விட்டேன். என் பங்குக்கு நான் செய்த தவறு அது. திரும்பி வந்தபோது டேஷ்போர்டின் கீழ்ப்பலகையை மாட்டி முடித்திருந்தார். பேட்டரியிலிருந்து கிளம்பிய சிவப்பு வயர் கறுப்பு நெளிகுழாய்க்குள் அழகாகப் போனது, டை போட்டு வரிசையாகக் கட்டியிருந்தார், இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. ஃபியூஸ் எங்கே என்று கேட்டேன். இருக்கைக்கு அடியில் இன்வெர்ட்டரின் பக்கத்தில் காட்டி, “கைக்கு எட்டுற இடத்துல வச்சிருக்கேன் சார், போச்சுன்னா நீங்களே மாத்திக்கலாம்,” என்றார். என் வசதியை எண்ணிச் செய்திருக்கிறாரே என்று மகிழ்ந்து 18,500-ஐச் செயலியிலேயே கட்டி, கேட்காமலேயே ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன்.

23-ஆம் நாள். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் முன்னால் ‘சட்’டென்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த சில நொடிகளில் பக்கத்து இருக்கையின் கால் வைக்கும் இடத்திலிருந்து வெள்ளைப் புகை மேலே வந்தது. ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். புகை நிற்கவில்லை. நிற்காதுதான், பேட்டரியிலிருந்து நேராக வரும் வயருக்கும் சாவிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பது அந்தப் பதற்றத்தில் எனக்கு உறைக்கவில்லை. பின்னால் கருவிப்பையில் கிடந்த 10-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி விலக்கிய பிறகே அடங்கியது. நெளிகுழாய் உருகி, உள்ளே இருந்த வயரோடு ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் கையில் இல்லாதிருந்தால் இந்தப் பதிவு வேறு விதமாக இருந்திருக்கும்.

பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். அங்கிருந்த பெரியவர் பேசாமல் டார்ச்சை மட்டும் என் கையில் கொடுத்து, பிரேக் பூஸ்டருக்குப் பின்னால் பார்க்கச் சொன்னார். வெளியே தெரிந்த வரையில்தான் நெளிகுழாய் போட்டிருந்தது. ஓட்டைக்கு ஒரு சாண் முன்னாலேயே அது முடிந்துவிட, வயர் வெறுமனே தகட்டுக்குள் நுழைந்திருந்தது. குரோமெட் இல்லை. ஓட்டையின் விளிம்பை அரத்தால் தேய்க்கக்கூட இல்லை. டிரில் கிளப்பிய பிசிறுகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. போதாததற்கு, வயரை ரேடியேட்டர் குழாயோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடும்போதெல்லாம் அந்தக் குழாயும் ஆடும், கூடவே வயரும் முன்னும் பின்னும் இழுபடும். அதாவது 23 நாட்களாக என் கார் தன் வயரைத் தானே ரம்பத்தில் வைத்து அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. வயரின் மேலுறையில் பிறைநிலா வடிவில் ஒரு வெட்டு, அதன் நடுவே கறுத்து உருகிய ஒரு குண்டுமணி அளவு உலோகம்.

கேபிளின் ஒரு துண்டை வெட்டி, ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம் அது. அதே கனத்தில் சுத்தமான செம்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது கடத்தும், அதிர்வில் இழைகளும் சீக்கிரம் முறியும். என் ரசீதில் ‘காப்பர் கேபிள் 5 மீட்டர்’ என்றிருக்கிறது. ‘ரப்பர் குரோமெட் 1’ என்றும் இருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வந்ததோ ஃபியூஸைப் பார்த்தபோதுதான். இவ்வளவு எரிந்தும் அது அப்படியே முழுதாக இருந்தது. பெரியவர் விளக்கிய பிறகே புரிந்தது. காரின் உடல் முழுவதும் எர்த். பேட்டரியின் நெகட்டிவ் அதோடு இணைந்திருக்கிறது. உறை கிழிந்த சிவப்பு வயர் தகட்டைத் தொட்ட கணத்தில், மின்சாரம் பேட்டரியிலிருந்து அந்த ஓட்டை வரை வந்து அங்கேயே சுற்றை முடித்துக்கொள்கிறது. இருக்கைக்கு அடியில் இருந்த ஃபியூஸ் வரை அது போகவே இல்லை, பிறகு ஃபியூஸ் எப்படிப் போகும்? 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் நாம் அதை அலட்சியமாக நினைக்கிறோம். ஆனால் ஷார்ட் ஆனால் கார் பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும். காரின் அசல் ஹார்னஸோடு, அதாவது காரோடு வரும் வயர்க்கட்டோடு, இந்த வயரையும் சேர்த்து டை போட்டிருந்ததால் அதிலும் ஏழு வயர்கள் உருகி ஒட்டிக்கொண்டன. அதைச் சரிசெய்யும் செலவு 18,500-ஐப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும் என்கிறார்.

அன்று மாலையே புகைப்படங்களோடு புகார் அனுப்பினேன். ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் எங்கள் நிபுணர் அழைப்பார்’ என்றது முதல் பதில். நிபுணர் அழைக்கவில்லை. வேலை செய்த இளைஞரை நானே அழைத்தபோது, “ரோட்டுல இருக்கேன் சார், அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்,” என்றார். அதற்குப் பிறகு அந்த எண் என் அழைப்பை எடுக்கவே இல்லை. நான்காம் நாள் வேறொருவர் எழுதினார்: படங்கள் தெளிவாக இல்லையாம், மீண்டும் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். ஆறாம் நாள் இன்னொருவர் வந்து, கோளாறு ‘வாகனத்தின் அசல் வயரிங்கில்’ இருந்திருக்கலாம் என்றார். ஓட்டையின் படத்தை வட்டமிட்டு அனுப்பி, குரோமெட் எங்கே என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. எட்டு நாட்கள் இப்படியே ஓடின. இன்று காலை வந்த கடைசிச் செய்தியில், வேலைக்கான உத்தரவாதம் 30 நாட்கள்தான், இன்று 31-ஆம் நாள் என்பதால் ‘கொள்கைப்படி’ பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று எழுதி, கூடவே அடுத்த சேவைக்கு 500 தள்ளுபடிக் குறியீடு ஒன்றையும் இணைத்திருக்கிறார்கள். 23-ஆம் நாள் கொடுத்த புகாரை 31-ஆம் நாள் வரை கையில் வைத்திருந்தது அவர்கள். நாள் கடந்துவிட்டதென்று சொல்வதும் அவர்களே. என் 18,500-க்கு அவர்கள் போட்ட விலை 500, அதுவும் மறுபடி அவர்களிடமே போனால்.

முறையாக எப்படிச் செய்வது என்று விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, பட்டறைக்குக் கிளம்ப வேண்டும். அவசரத்துக்குச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது காப்பது கருவியை அல்ல, வயரை. புதிய ஓட்டை போடுவதற்கு முன், அசல் ஹார்னஸ் நுழையும் பெரிய ரப்பரில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, விளிம்பைத் தேய்த்து, துரு ஏறாமல் பெயின்ட் அடித்து, அளவான குரோமெட் மாட்டச் சொல்லுங்கள். ஓட்டைக்கு முன் வயர் சற்றுத் தாழ்ந்து வளைந்து ஏறினால் தண்ணீர் அதன் வழியே உள்ளே வராது. ஆடும் குழாய், சைலன்சர் பக்கம், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், பெடல், ஸ்டீயரிங் தண்டு, இவை எதனோடும் வயரைக் கட்ட விடாதீர்கள். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, கிட்டவே போக வேண்டாம். கேபிளைப் பூட்டும் முன் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். டேஷ்போர்டை மூடும் முன் இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் அதற்குப் பிறகு.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது வயர் இழுத்தவர்கள் இன்றே டார்ச்சோடு பானெட்டைத் திறந்து, சிவப்பு வயர் தகட்டுக்குள் நுழையும் இடத்தைத் தேடிப் பாருங்கள். அங்கே ரப்பர் இல்லையென்றால் வயரை இழுத்துப் பார்க்காதீர்கள், முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் தொட்டால் ஸ்பேனர் காரின் உடலில் பட்டே இன்னொரு ஷார்ட் ஆகிவிடும்.