பின்பக்க ஸ்பிரிங்: 85, 130, அப்புறம் 100

வண்டியோடு வந்த பின் ஷாக் ஸ்பிரிங்கின் ரேட் 85. அதாவது ஒரு மி.மீ. அமுங்க 85 நியூட்டன் விசை வேண்டும். என் எடைக்கு அது போதாது என்று முதல் மாதமே தெரிந்துவிட்டது, பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஹெட்லைட் சாலையை விட்டுவிட்டு மரக்கிளையைத் தேடும். எல்லோரையும் போல நானும் சி ஸ்பேனரை எடுத்து பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் வளையத்தை, கடைசி வரை முறுக்கினேன். உயரம் வந்தது. ஆனால் தனியாகப் போகும்போது வேகத்தடையைத் தாண்டி இறங்கினால் ஷாக் முழுசாக நீண்டு ‘டங்’ என்று முட்டும்.

பிரீலோடை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆகாது, அது பின்பக்கத்தைத் தூக்கி வைக்கிறது, அவ்வளவுதான். சரி, ஸ்பிரிங்கையே மாற்றலாம் என்று 130 ஒன்று வாங்கினேன், கனமாக இருந்தால் நல்லதுதானே என்ற அசட்டுக் கணக்கு. பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கம்பி இம்மியளவு தடிமன் கூட, வேறொன்றும் தெரியவில்லை. அந்த இம்மிதான் ஏமாற்றும்: ரேட் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விட்டம் 10 சதவீதம் கூடினாலே ரேட் 46 சதவீதம் ஏறிவிடும்.

130 போட்டு ஓட்டிய நான்கு மாதமும் முதுகுக்குத்தான் சோதனை. சின்னப் பள்ளத்தில்கூட சக்கரம் அமுங்காமல் துள்ளும், அமுங்கினாலோ சீட் உதைத்துத் தள்ளும். அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகத்தைக் குறைக்கும் ரீபவுண்ட் திருகை முழுக்க மூடியும் அந்த உதை அடங்கவில்லை, ஷாக்கின் வால்வுகள் அவ்வளவு கடினமான ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்த அமைத்தவை அல்ல.

அப்புறம்தான் டேப்பை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். பின் அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒரு புள்ளி, மூன்று அளவுகள்: சக்கரம் அந்தரத்தில், வண்டி தனியாகத் தரையில், ஹெல்மெட் ஜாக்கெட்டோடு நான் ஏறி உட்கார்ந்து. என் வண்டியின் பின்சக்கரம் மொத்தம் 130 மி.மீ. அசையும், நான் உட்கார்ந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, 40 இறங்கினால் சரி. பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டி, ஆளோடு 40 வரும்படி வைத்தால் வண்டி தனியாக வெறும் 2 மி.மீ. இறங்கியது. 130 ஸ்பிரிங்கில் அதே 40-க்கு வைத்தால் தனியாகவே 15. தலைகீழாகத் தோன்றும், ஆனால் தனியாக இறங்குவது மிகக் குறைவு என்றால் ஸ்பிரிங் மெலிசு, மிக அதிகம் என்றால் கடினம்.

இந்த இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம், ஸ்பிரிங் ஒரே சீரான சுற்றாக இருந்து வண்டி தனியாகவும் கொஞ்சம் இறங்குகிறவரை, பிரீலோடு எங்கே இருந்தாலும் ஏறக்குறைய மாறாது. பழசில் அது 38. எனக்கு வேண்டியது ஆளோடு 40, தனியாக 8, அதாவது வித்தியாசம் 32. 85-ஐ 38-ஆல் பெருக்கி 32-ஆல் வகுத்தால் 101. வாங்கியது 100.

வாங்கும்போது ரேட்டோடு உள்விட்டத்தையும் நீளத்தையும் பாருங்கள். ஷாக் முழுதாக அமுங்கும்போது சுற்றோடு சுற்று முட்டாத அளவுக்கு இடைவெளியும் வேண்டும். கழற்றி மாட்டும் வேலையை, ஸ்பிரிங் கம்ப்ரஸர் இருக்கிற மெக்கானிக்கிடம் விட்டுவிட்டேன். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் கை போய்விடும்.

இப்போது 22,000 கிலோமீட்டர் ஆகிறது. போன வாரம் மறுபடி அளந்தேன், 41-ம் 9-ம். ரீபவுண்டைப் பழைய இடத்திலிருந்து இரண்டு கிளிக் கூட்டியதோடு சரி, அந்த ‘டங்’ இல்லை, உதையும் இல்லை. குறை என்று சொன்னால், பின்னால் ஆளும் பையும் ஏறினால் பிரீலோடை இன்னும் மூன்று சுற்று முறுக்கத்தான் வேண்டியிருக்கிறது, அந்த வளையமோ சைலன்சரை ஒட்டி இருப்பதால் வண்டி ஆறும்வரை கை வைக்க முடியாது.